தாளில் பிறக்கும் நிரல்

நிரலாக்கப் போட்டி என்றதும் விசைப்பலகையில் விரைந்தோடும் விரல்களே பலருக்கும் நினைவில் எழுகின்றன. விரைந்து தட்டச்சு செய்பவரே வெல்வர் என்னும் எண்ணம், வீட்டில் கணினி இல்லாத மாணவரை முயலும் முன்னரே விலகச் செய்துவிடுகிறது. அவ்வெண்ணம் பிழையானது. போட்டியின் வெற்றி பெரும்பாலும் தாளிலேயே முடிவாகிறது.

கோட்செஃப், கோட்ஃபோர்சஸ் முதலிய தளங்களில் நடைபெறும் இணையவழிப் போட்டிகளில் ஒவ்வொரு வினாவுடனும் இரண்டு வரம்புகள் தரப்படும். ஒன்று, உள்ளீட்டின் அளவு; மற்றொன்று, நிரல் இயங்குவதற்கான நேரம். தொடக்கநிலை மாணவர் இவற்றைக் கடந்து சென்றுவிடுவர். தேர்ந்தவரோ இவற்றிலிருந்தே சிந்திக்கத் தொடங்குவர்.

2 இலட்சம் எண்கள் தரப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றுள் எவையேனும் இரண்டின் கூடுதல், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குச் சமமாகுமா என்பதே வினா. எல்லா இணைகளையும் சோதித்தால் ஏறத்தாழ 2,000 கோடி இணைகள் வரும். நொடிக்கு 10 கோடி எளிய செயல்கள் என்னும் தோராயக் கணக்கின்படி, விடை காண 200 நொடிகள் ஆகும். நேர வரம்போ 2 நொடிகளே! எனவே, அவ்வழியில் நிரல் எழுதுவது வீண் என்பது, ஒரு வரிகூட எழுதும் முன்னரே தெளிவாகிவிடுகிறது.

மாற்றுவழி யாது? எண்களை ஏறுவரிசைப்படுத்துக. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டுக. கூடுதல் குறைந்தால், அச்சிறிய எண் வேறு எதனோடும் சேர்ந்து பயன்தராது; அதனை நீக்குக. கூடுதல் மிகுந்தால், பெரிய எண்ணை நீக்குக. இவ்வாறு தொடர்ந்தால் ஒவ்வோர் அடியிலும் ஓர் எண் விலகும். 2 இலட்சம் அடிகளுக்குள் விடை கிட்டும். இங்கு வென்றது விரலின் விரைவன்று. தேவையற்ற வேலை எது எனக் கண்டறிந்த அறிவே.

விரைவு வேண்டாவா எனச் சிலர் வினவலாம். வேண்டும், ஆனால் அது தெளிவின் பின்னரே வரவேண்டும். கல்லூரி மாணவர்களுக்கான பன்னாட்டுப் போட்டியாகிய ஐ.சி.பி.சி.யின் விதிகள் இதனை உணர்த்துகின்றன. அங்கு மூவர் கொண்ட அணிக்குக் கணினி ஒன்றே. ஒருவர் நிரலை உள்ளிடும்போது மற்ற இருவரும் தாளில்தான் சிந்தித்தாக வேண்டும். மேலும், சரியான விடைக்கு முன் அனுப்பிய தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடங்கள் தண்டமாகக் கூட்டப்படும். ஆய்ந்து பாராத அவசரம் அங்கு நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, இழக்கவே செய்கிறது.

நிரலை இயக்கிப் பார்க்கக் கணினி தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், வினாவை ஆராயவும், சிறிய எடுத்துக்காட்டுகளைக் கையால் போட்டுப் பார்க்கவும், பொருந்தா வழிகளை விலக்கவும் ஒரு தாளும் எழுதுகோலும் போதும். கணினி கிட்டும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிந்தனையை இன்றே தொடங்கலாம்.