வார்டு கவுன்சிலருக்கு என்னதான் அதிகாரம்?

மாண்புமிகு நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை அமைச்சர் அவர்களுக்கு,

உங்கள் பெயரை எழுதாமல் விட்டதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கட்சிக் கொடி கட்டிய காரில் யார் வந்து இந்த நாற்காலியில் அமர்ந்தாலும் இந்த மடல் அவர் மேசைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் நாங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த வார்டு கவுன்சிலரைப் பற்றியது இது. சட்டப்படி உங்களுக்குக் கீழே, வெகு கீழே இருப்பவர் அவர். எங்களுக்கோ கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்கும் ஒரே அரசாங்கம் அவர்தான்.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படியே வார்டுக்குச் சராசரியாக 14,000 பேருக்கு மேல் வரும். இதில் எந்த வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு வேண்டுமானாலும் ஒருநாள் விடிகாலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். முதல் போன் தண்ணீருக்கு அடிக்கும். "என்னக்கா, நாலு நாளா தண்ணியக் காணோம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திட்டும் தொடங்கிவிடும். கவுன்சிலர் வால்வு திறக்கிறவருக்குப் போன் போடுவார். "பிரஷர் இல்லக்கா, ராத்திரி பாப்போம்" என்பார் அவர். அதற்குள் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். சந்துக்குள் பாதாளச் சாக்கடை பொங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டிப் போகிறார்கள். அடைப்பு எடுக்கிற வண்டி பல வார்டுகளுக்குப் பொது. முறை வர வேண்டும். உதவிப் பொறியாளரைப் பிடித்தால் வண்டி வரலாம். அவர் போனை எடுத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

பிறகு தெருவிளக்கு, தெருநாய், வராத குப்பை வண்டி. நடுவே ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை நின்றுபோனதென்று வங்கிப் புத்தகத்தை நீட்டுவார். ஒருவர் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்திருப்பார். சாய்ந்து நிற்கும் மின்கம்பத்தைப் போட்டோ எடுத்து வந்திருப்பார் இன்னொருவர். உதவித்தொகை தாலுகா ஆபீஸ் வேலை, ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை வேலை, கம்பம் மின்வாரியத்தின் வேலை. இதையெல்லாம் அந்தப் பாட்டியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "பாக்குறேன் ஆத்தா" என்று வாங்கி வைத்துக்கொள்கிறார். மாலையில் காதுகுத்துக்கும் துக்க வீட்டுக்கும் தலைகாட்டியாக வேண்டும். போகாவிட்டால் அடுத்த தேர்தலில் அந்தத் தெரு அதை ஞாபகம் வைத்திருக்கும்.

இத்தனைக்கும் அவர் கையில் இருப்பது என்ன? 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதற்கு முன்பு கூட்டத்துக்குப் போனால் அமர்வுப்படி மட்டும். மாமன்றத்தில் எழுந்து பேசலாம், தீர்மானத்துக்குக் கை தூக்கலாம். ஆனால் வேலை நடக்க வேண்டியது ஆணையர் மூலம். ஆணையர் அரசால் அனுப்பப்படுகிறவர். பொறியாளரும் சுகாதார அலுவலரும் பதில் சொல்வது ஆணையருக்கு. மன்றம் போடுகிற தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்காவது தொகுதி மேம்பாட்டு நிதியென்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. கவுன்சிலருக்கு இருப்பது ஒரு போனும் வாய்ச்சொல்லும்தான். சிபாரிசு செய்வதற்கென்றே ஒருவரைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்தால், அந்தச் சிபாரிசுக்கு ஒரு விலை வந்துவிடாமல் எத்தனை நாள் காக்க முடியும்? கவுன்சிலர் என்றாலே கமிஷன் என்று ஊர் பேசுகிறது. அந்தப் பேச்சில் உண்மை இருக்கும் இடங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமையாகக் கேட்டு வாங்க முடியாததைத் தயவாக வாங்கித் தரும்படி அந்தப் பதவியை அமைத்து வைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்தக் கேள்வியை மதுரை மண்ணிலிருந்து கேட்கச் சிறப்பான காரணம் இருக்கிறது. உள்ளாட்சிப் பதவிக்காக உயிரையே கொடுத்தவர்கள் இங்கே உண்டு.

வில்லாபுரத்தில் 1996 அக்டோபரில் மாநகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். அவர் பகுதியில் தண்ணீர் விற்பனைப் பொருளாக இருந்தது. குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வந்தாக வேண்டும் என்று நின்றார். தண்ணீர் வந்துவிட்டால் யாருடைய வியாபாரம் படுக்குமோ அவர்களுடைய பகை சேர்ந்தது. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, மேலும் ஐந்து பேரோடு கொல்லப்பட்டார். தலித்துகளுக்கு ஒதுக்கிய பதவியில் தலித் ஒருவர் உட்கார்ந்ததுதான் அவர் செய்த குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் அதே காரணத்துக்காக 1996-இலிருந்து பத்து வருடம் தலைவர் நாற்காலி நிலைக்கவே விடப்படவில்லை. 2006-இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

அந்த நாற்காலிக்கு மதிப்பே இல்லையென்றால் யாரும் அதற்காகக் கொலை செய்திருக்க மாட்டார்கள். ஆதிக்கம் செய்தவர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆட்சி செய்கிறவர்களுக்குத்தான் அது அவ்வப்போது மறந்துபோகிறது.

மறதிக்குச் சான்று நிறைய உண்டு. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில்தான் ஸ்மார்ட் சிட்டி என்று பெரியார் பஸ் நிலையத்தையும் மாசி வீதிகளையும் தோண்டிப் போட்டார்கள். கோடிக்கணக்கில் செலவு நடந்தபோது மன்றத்தில் எழுந்து கணக்குக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதிலும் 2016-இல் ஒரு முடிவு, 2018-இல் மாற்று முடிவு, 2019-இல் மறுபடி பழைய முடிவு. கிராமங்களின் கதையும் அதுவே. மதுரை உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி தேர்தல் நடத்தாமலேயே முடிந்தது. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேலவளவும் பாப்பாபட்டியும் போராடி வாங்கிய நாற்காலியை ஒரு சட்டத்திருத்தம் சத்தமில்லாமல் காலியாக்கிவிட்டது.

2011-இல் மதுரையின் 72 வார்டுகள் 100 ஆயின. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் நகராட்சிகளோடு வண்டியூர், திருப்பாலை, கண்ணனேந்தல் போன்ற ஊராட்சிகளும் நகரத்துக்குள் வந்தன. ஊராட்சியாக இருந்தவரை அங்கே கிராம சபை இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து தலைவரிடம் வரவு செலவு கேட்கலாம். நூறு நாள் வேலையும் இருந்தது. மாநகராட்சியானதும் வரி ஏறியது, நூறு நாள் வேலை போயிற்று, சபையும் போயிற்று. இன்னும் சில ஊராட்சிகளை இணைப்போம் என்று சொல்லும்போது சனங்கள் மறியலுக்கு வருவது வரிக்குப் பயந்து மட்டும் இல்லை. கேள்வி கேட்கும் இடமும் சேர்ந்து போய்விடுகிறதே என்ற வயிற்றெரிச்சலும் அதில் இருக்கிறது. நகரத்துக்குப் பகுதி சபையும் வார்டு குழுவும் வேண்டுமென்று 2022-இல் அரசு விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் அப்படியொன்று இருப்பதே பல தெருக்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், அங்கே எழுதிக் கொடுத்த மனு என்னவாயிற்று என்று சொல்லும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 மே 31-ஆம் தேதி நினைவிருக்கும். அன்றைய முதலமைச்சர் மதுரைக்கு வந்தார். அவர் வரும் வழியில் பந்தல்குடி கால்வாய் கண்ணில் படாதபடி துணி கட்டி மறைக்கப்பட்டது. செல்லூர்ப் பக்கத்து உபரி நீரையும் நகரத்துச் சாக்கடையையும் சேர்த்து வைகையில் கொட்டுகிற கால்வாய் அது. துணி கட்டிய படம் ஊரெல்லாம் பரவியதும் அதை அவிழ்த்தார்கள். முதல்வரே போய்ப் பார்வையிட்டார். அதே பயணத்தில் மதுரை முத்துவின் சிலையையும் திறந்து வைத்தார். 1971-இல் மதுரை மாநகராட்சியானபோது முதல் மேயராக வந்தவர் முத்து. முதல் மேயருக்குச் சிலை திறக்கும் நாளில், மாநகராட்சியின் சாக்கடைக்குத் திரை! அந்தக் கால்வாய் ஓரத்துக் கவுன்சிலர்கள் அதைத் தினமும் பார்க்கிறவர்கள். துணி கட்டுவதா, தூர்வாருவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

சொத்துவரி விவகாரத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் நான் ஒருபக்கமாகப் பேசியவனாவேன். அதிகாரிகளின் கணினிக் கடவுச்சொற்களைக் கொண்டு கட்டடங்களுக்கு வரியைக் குறைத்தார்கள் என்று மாநகராட்சியே 2024-இல் போலீசுக்குப் போனது. 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றம் யாருடையதென்று நீதிமன்றம் சொல்லட்டும். "பார்த்தீர்களா, இவர்களிடம் அதிகாரம் கொடுத்தால் இப்படித்தான்" என்று கோட்டையில் சிலர் சொல்லக்கூடும். எனக்குத் தோன்றுவது வேறு. வார்டின் வரிப் பட்டியல் அந்த வார்டு மக்கள் பார்வையில் இருந்திருந்தால், தன் ஓட்டு வீட்டுக்குக் கட்டும் வரியையும் எதிரே இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் வரியையும் ஒரு பெட்டிக்கடைக்காரரே ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். திருட்டு நடந்தது பூட்டிய அறையில். அறையைத் திறப்பதுதான் மருந்து. பூட்டை இன்னும் பெரிதாக்குவது இல்லை.

அறையைத் திறக்கச் சொல்வது புதிய யோசனை இல்லை. சென்னை மாநகராட்சி இயங்கும் கட்டடத்துக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர். அந்தப் பெயருக்குரிய வைஸ்ராய் ரிப்பன் பிரபு இங்கிலாந்தின் லிபரல் கட்சிக்காரர். தலசுயாட்சி பற்றி 1882-இல் அவர் அரசு வெளியிட்ட தீர்மானத்தில், இதனால் நிர்வாகம் உடனே மேம்படும் என்று அவர் ஆசை காட்டவில்லை. மக்கள் அரசியல் பழகும் பள்ளிக்கூடமாக இது இருக்கும் என்பதே அவர் சொன்ன முதல் நியாயம். காலனி ஆட்சிக்காரர் ஒருவருக்கு இருந்த அந்தப் பொறுமைகூட நமக்கு இல்லாமல் போக வேண்டுமா? பக்கத்துக் கேரளத்தில் 1996-இல் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எதற்குச் செலவழிப்பது என்று வார்டு மக்களையே உட்கார்ந்து பேச வைத்தார்கள். அங்கேயும் தப்பு நடந்தது, சண்டை நடந்தது. ஆனாலும் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த ஏற்பாட்டை அடியோடு பிடுங்கத் துணியவில்லை.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, தேர்தல். 2022 மார்ச்சில் பதவியேற்ற மாநகராட்சி மன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்து வருடம் முடிகிறது. வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று பழைய காரணங்களை இழுக்காமல், காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்துங்கள். ஊராட்சிகளுக்கும் இதுவே விதியாக இருக்கட்டும்.

இரண்டாவது, பகுதி சபை. எந்த நாள், எந்த இடம் என்று ரேஷன் கடையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். உதவிப் பொறியாளரும் சுகாதார அலுவலரும் கட்டாயம் வர வேண்டும். சென்ற சபையில் வந்த மனுக்களுக்கு என்ன நடந்ததென்று வாசித்த பிறகே புது மனு வாங்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. வார்டு வாரியாகச் சொத்துவரிப் பட்டியல், டெண்டர் எடுத்தவர் பெயர், முடிந்த வேலை, கொடுத்த பில் தொகை எல்லாம் கவுன்சிலருக்கும் பொதுமக்களுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கட்டும். ரோடு போட்டு முடிந்ததென்று வார்டு குழு எழுதித் தராமல் பில் போகக்கூடாது.

நான்காவது, சிறு நிதி. மேன்ஹோல் மூடிக்கும் தெருவிளக்குக்கும் குழாய் உடைப்புக்கும் மண்டல அலுவலகத்தில் தவம் கிடக்கத் தேவையில்லாதபடி, வார்டு குழு முடிவு செய்து செலவழிக்க ஒரு தொகை ஒதுக்குங்கள். செலவுக் கணக்கு அடுத்த பகுதி சபையில் வாசிக்கப்படட்டும்.

ஐந்தாவது, பெண்கள். உள்ளாட்சியில் பாதி இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது பெரிய காரியம். ஆனால் ஆய்வுக்குக் கணவர் போவதும், அதிகாரிகள் அவரிடமே பேசுவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர வேறு யாரிடமும் பேசக்கூடாது என்று அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போடுங்கள். வில்லாபுரத்தில் ஒரு பெண் கவுன்சிலர் தன் வேலையைத் தானேதான் செய்தார்.

இவற்றில் முதலாவது அரசியல் சாசனத்தின் கட்டளை. 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. மற்ற நான்குக்கும் உங்கள் துறை எழுதுகிற உத்தரவுகளே பெரும்பாலும் போதும். கோட்டையில் சேர்த்து வைத்திருக்கும் அதிகாரத்தில் ஒரு கைப்பிடியை வார்டுக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் சாக்கடை பொங்கினால், கவுன்சிலரை நாங்களே கேட்டுக்கொள்கிறோம். உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

இப்படிக்கு,
மதுரை மாநகராட்சியின் வரிதாரர் ஒருவர்