இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



திருவான்மியூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மேசையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்து லேப்டாப்பில் வீணை கேட்கிறாராம்; பாட்டுக்கு அடியில் ஓயாத இரைச்சல். நல்ல டி.ஏ.சி. எதை வாங்கலாம் என்று கேட்கிறார். 1962-இல் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளி குடிவந்த ஊர் அது. அங்கிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இந்த இரைச்சல் சின்ன விஷயம் இல்லை. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து ஸ்வரத்துக்கு மேல் ஸ்வரமாகப் பிடிப்பார். மீட்டிய நாதம் தேயத் தேய, அந்தத் தேய்விலேதான் கமகம் பேசும். இரைச்சல் முதலில் விழுங்குவது அந்த இடத்தைத்தான்.

எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றித் தருவது டி.ஏ.சி.யின் வேலை. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை 16 பிட்டில் அளந்தது. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு அதுவே போதும். அதனால் அட்டைப்பெட்டியில் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் அருகில் காது வையுங்கள். லேப்டாப் ஒயரைக் கழற்றிய பிறகும் 'உஸ்' என்று கேட்டால், அது ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபயர் தரும் சத்தம், எந்த டி.ஏ.சி.யும் அதைத் தீர்க்காது. மவுஸை நகர்த்தும்போது கிறீச்சிட்டால் லேப்டாப்பின் உள்ளிருந்து வருகிறது. அதற்கு யூஎஸ்பியில் செருகும் சிறிய டி.ஏ.சி. பெரும்பாலும் போதும், ஓரிரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றால் எர்த் சுற்றுதான் காரணம். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள், அது உயிர் காக்கும் பின். அப்படியும் நிற்காவிட்டால், யூஎஸ்பி டி.ஏ.சி.யிலும் அதே ரீங்காரம் தொடர வாய்ப்புண்டு, ஏனென்றால் யூஎஸ்பி ஒயருக்குள்ளும் எர்த் இணைப்பு ஓடுகிறது. லேப்டாப்பில் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்: ஆப்டிகல் ஒயரில் ஒளி மட்டுமே போகும், ஆகவே அந்த வழியாக ரீங்காரம் வராது.

ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லேப்டாப்பிலிருந்து ஒலியை வாங்கும் யூஎஸ்பியோ ஆப்டிகலோ இருந்தால் டி.ஏ.சி. உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்கத் தேவையில்லை. கடற்கரைத் தெருக்களில் உப்புக் காற்று ஸ்பீக்கர் ஒயரின் ஆர்.சி.ஏ. பின்களில் பச்சை படியவைக்கும். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் முதலில் பின்னைத் துடையுங்கள்.

டி.ஏ.சி. வாங்க, சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போவதானால் உங்கள் லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். நீங்கள் நன்கு அறிந்த பதிவையே போடச் சொல்லுங்கள். தம்புரா தெளிவாகக் கேட்கும் பதிவு என்றால் இன்னும் நல்லது. நீங்கள் அப்படிச் சோதிக்கும் பதிவு எது என்று எங்களுக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்