என்ஜினைப் பிரிக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவனிடம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதுக்குப் போய் இவ்ளோ செலவு பண்றது ஒர்த்தா சார்?” கேட்பவர் அந்த என்ஜினுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். பானெட்டைக்கூடத் திறந்திருக்க மாட்டார். ஆனால் பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். “செத்த வண்டி சார், இரும்பு விலைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க.”

செத்துவிட்டது என்று எதை அளந்து சொல்கிறீர்கள்? என் சண்டை இந்த ஒரு விஷயத்தில்தான்.

என்னிடம் இருப்பது 1970இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பா வாங்கியது. வடிவம் இத்தாலியரான மிக்கெலாட்டி போட்டது, பூர்வீகம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப். ஆனால் செய்தது வண்டலூரில். காஞ்சிபுரமும் வண்டலூரும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே இதை யாராவது ‘ஃபாரின் வண்டி’ என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். 948 சிசி, நாலு சிலிண்டர். பானெட் இரண்டு பக்க மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாகச் சாயும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இன்றைய பெரிய வண்டிகள் மூன்றுமுறை முன்னே பின்னே போகும் இடத்தில் இது ஒரே மூச்சில் திரும்புகிறது.

இப்போது நீலப் புகை விடுகிறது. என்ஜின் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது. என்ஜினை இறக்கி முழுவேலை பார்க்க ஒன்றேகால் லட்சம் ஆகும் என்கிறார்கள்.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் என் மாப்பிள்ளை சொன்னார்: “மாமா, செண்டிமெண்ட விடுங்க. ஒன்னேகால் லட்சம் போட்டு வித்தா, போட்ட காசு வருமா?” வராதுதான், மாப்பிள்ளை. இதே ஊரில் காந்தி ரோட்டுக்கு வருகிறவர்கள் ஒருநாள் கட்டப்போகும் கல்யாணப் பட்டுக்கு ஐம்பதாயிரம், லட்சம் என்று எண்ணி வைக்கிறார்கள். ‘நாளைக்கு வித்தா எவ்ளோ வரும்?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஷோரூமைவிட்டு வெளியே வந்த அன்றே விலை இறங்கும் புதுக் காரைப் பற்றியும் கேட்பதில்லை. பழுது பார்ப்பதற்கு மட்டும்தான் இந்த மறுவிற்பனைக் கணக்கு.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்தக் கணக்கு வேறொரு விதத்தில் நன்றாகத் தெரியும். “பழைய பட்டுப் புடவை வாங்கறோம்” என்று தெருவில் குரல் வரும். கொண்டுபோய் எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடை போடுவார்கள். எடையில் பெரும்பாலும் ஏமாற்று இருக்காது, வெள்ளி சரியாகத்தான் இருக்கும். புடவைதான் இருக்காது. 2021இல் வந்த வாகன அழிப்புக் கொள்கையிலும் இதே தராசுதான். பழைய வண்டிக்கு, புது வண்டியின் ஷோரூம் விலையில் நான்கிலிருந்து ஆறு சதவீதம். அதில் என்ஜினின் நிலைமைக்கு ஓர் இடமும் இல்லை.

சரி, எப்படி முடிவெடுப்பது? அளந்துதான். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பழுது ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வைச் சந்தேகிக்கலாம், ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமலே ‘முழு என்ஜினும் போச்சு’ என்று எத்தனை வண்டிகளை அனுப்பியிருக்கிறோம்!

ஹெரால்டுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒருவர் க்ளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலிருக்கும் க்ராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், பின்பக்க மெயின் பேரிங்கில் உள்ள பிறைவடிவ த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் கழன்று கீழே விழும், க்ராங்க் பிளாக்கையே அறுக்கும். செத்த வண்டி என்று சொன்னவர்களில் ஒருவர்கூட க்ளட்ச்சை மிதித்துப் பார்க்கவில்லை.

ரோட்டரி என்ஜின் கார் வைத்திருப்பவர்களின் சங்கடத்தைப் பார்த்தால் நம்முடையது ஒன்றுமே இல்லை. வாங்கெல் வடிவமைத்த அந்த என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் சுழலும், அதன் மூன்று முனைகளிலும் சீல் இருக்கும். 1967இல் வந்த ஜெர்மனியின் என்.எஸ்.யூ. ரோ 80 காரில் அந்த சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. கம்பெனி வாரண்டியில் என்ஜின் என்ஜினாக மாற்றிக்கொடுத்துக் கட்டுப்படியாகாமல் திணறியது. வண்டிக்காரர்கள் பலர் வெறுத்துப்போய் ஃபோர்டு வி4 என்ஜினை அதில் திணித்தார்கள். ஜப்பானின் மாஸ்டா மட்டும் விடாமல் அதே என்ஜினோடு மல்லுக்கட்டி, 1991இல் ல மான் பந்தயத்தையே வென்றது. ஆனாலும் ரோட்டர் சுழலும் கூட்டின் உட்பூச்சு உரிந்துவிட்டால், நாம் செய்வதுபோல் போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் போட முடியாது. கூட்டையே மாற்ற வேண்டும். அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

நமக்கு அந்த நியாயம் கிடையாது. என் வண்டியில் ஏற்கெனவே ஒருமுறை இருபது தவ், அதாவது அரை மில்லிமீட்டர், கூட்டிப் போர் செய்திருக்கிறது. இன்னும் ஒருமுறைக்கு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் ஸ்லீவ் இறக்கலாம். வேலையோடு வேலையாக எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் பதிக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றதிலிருந்து பழைய சீட்டுகள் தேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் வேறு. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் அதைத் தாங்கும் ரகத்தில் மாற்றியாக வேண்டும்.

“ஒரு மாருதி என்ஜினத் தூக்கிப் போட்டுடலாமே” என்பவர்களும் உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் முடியாது என்பது ஒருபக்கம். வண்டி ஓடினால் போதும் என்றால் மாருதியையே வாங்கிவிடலாமே, அதன் குடலை உருவி இதற்குள் ஏன் வைக்க வேண்டும்?

எதிர்த்தரப்பில் எனக்கு வலுவாகத் தெரிவது ஒன்றுதான்: புகை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத கார்பரேட்டர் வண்டி, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் புதுக் காரைவிட அதிகம் அழுக்கு செய்யும். மறுக்கவில்லை. தினமும் சென்னைக்குப் போய்வர இதை எடுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் ஆயில் எரியும் நீலப் புகையை நிறுத்தும் வழியே என்ஜின் வேலைதான். அதைச் செய்ய விடாமல் தடுத்துவிட்டு, புகைகிறது என்று குற்றமும் சாட்டினால் எப்படி?

அரசாங்கம் ஒரு சலுகை காட்டியிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை, இருபதாயிரம் ரூபாய் கட்டி, ‘விஏ’ எழுத்தோடு விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். அதன்பின் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. சேகரிப்பாளர்களுக்கு இதில் மகிழ்ச்சி. எனக்கு இல்லை. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்து வர இது அத்தி வரதர் அல்ல, கார். அரிசி மூட்டை ஏற்ற வேண்டும், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் வழக்கமான பதிவையே புதுப்பிக்கப் போகிறேன். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600இலிருந்து 5,000 ஆக்கினார்கள். திட்டிக்கொண்டே கட்டுவேன்.

அவசரம் ஒன்று இருக்கிறது. ஒலிமுகமது பேட்டைப் பக்கம் போரிங் போடும் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பையன் அந்த வேலைக்கு வரவில்லை. விரலை உள்ளே விட்டே போர் கோணியிருப்பதைச் சொல்லிவிட்டு, பிறகுதான் கேஜைக் கையில் எடுப்பவர். “ஆடிக்குள்ள எடுத்துட்டு வந்துடு தம்பி, அப்புறம் கண் ஆபரேஷன் இருக்கு” என்றார்.

ஆனி கடைசியில் என்ஜின் இறங்குகிறது. பிளாக்கிலோ க்ராங்க்கிலோ விரிசல் இருந்தால் அத்தோடு முடிந்தது, நானே பழைய இரும்புக்காரருக்குப் போன் போடுவேன். இல்லையென்றால் அன்றைக்கே போர் போடச் சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையை அன்று லீவு போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மைக்ரோமீட்டரை அவரே பிடிக்கட்டும்.