சுறாவின் ஆயுள் மாத்திரையில் இல்லை

வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் குளிர்ந்த ஆழத்தில் வாழ்வது கிரீன்லாந்து சுறா. ஐந்து மீட்டர் வரை நீளும் இம்மீன், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. பிறக்குமுன் உருவாகும் கண்வில்லையின் நடுப்பகுதி பின்னர் மாறுவதில்லை. அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து, 28 பெண் சுறாக்களின் வயதை 2016இல் அறிஞர்கள் கணித்தனர். அவற்றுள் மிகப் பெரியதன் வயது குறைந்தது 272 ஆண்டுகள். பெண் சுறா இனப்பெருக்கப் பருவம் எய்தவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன.

இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, "சுறாவுக்குப் புற்றுநோயே வராதாமே, அதன் குருத்தெலும்பு மாத்திரை கொடுக்கலாமா?" என்று எங்களிடம் கேட்போர் உண்டு. அன்பினால் எழும் கேள்வி அது. ஆயினும் எங்கள் விடை, வேண்டாம் என்பதே. சுறாக்களுக்கும் புற்றுநோய் வருகிறது. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குச் சுறாக் குருத்தெலும்புச் சாற்றைக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வில் அவர்களது ஆயுள் கூடவில்லை.

கிரீன்லாந்து சுறாவின் நெடுவாழ்வுக்குக் குளிர்நீரும், மிக மெதுவான உடலியக்கமும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அது ஓர் உயிரின் வாழ்க்கைமுறை. பிரித்தெடுத்து விற்கத்தக்க பொருளன்று. அதன் பதப்படுத்தாத இறைச்சியோ நஞ்சு.

மாத்திரையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களாயின் மறைக்க வேண்டா, எங்களிடம் காட்டுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். பிற மருந்துகளோடு அது முரண்படுமா எனப் பார்ப்பது எங்கள் கடமை. இனி அதற்குச் செலவிடும் பணம், நோயாளியின் நல்லுணவுக்கும் அடுத்த சிகிச்சைக்கு வரும் பயணத்துக்கும் ஆகட்டும்.