போஸ்டரோடு சுருட்டப்படும் கணக்கு

இந்திய மருத்துவ நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடான ‘மைக்ரோகான்’ பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் கூடும். வரப்போகும் மாநாட்டிலும் வழக்கமானவை எல்லாம் இருக்கும்: பயிலரங்குகள், மூத்த பேராசிரியர்களின் உரைகள், கருவி விற்கும் நிறுவனங்களின் அரங்குகள், இவற்றுக்கு நடுவே மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை மாணவர்கள் கொண்டுவரும் போஸ்டர்கள். மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் உரைகளைப் பற்றியே பேசுவார்கள். ஆனால், பொதுமக்களின் உயிரோடு நேரடித் தொடர்பு கொண்ட செய்தி அந்தப் போஸ்டர்களில்தான் இருக்கிறது. தங்கள் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் சிறுநீரிலும் ரத்தத்திலும் சீழிலும் எந்தக் கிருமி வளர்ந்தது, அது எந்த மருந்துக்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை என்ற கணக்கு அது. மாநாடு முடிந்ததும் போஸ்டர் சுருட்டப்படுகிறது, சுருக்கம் மாநாட்டு மலரில் அச்சாகிறது, கணக்கும் அத்தோடு காணாமல்போகிறது. இதை மாற்ற ஒரு விதி போதும். மருந்து எதிர்ப்பைப் பற்றிய ஆய்வுச் சுருக்கம் எதுவானாலும், அதன் அடிப்படைத் தரவைப் பொது வடிவில், பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஒப்படைத்த பிறகே மாநாட்டில் ஏற்கப்பட வேண்டும்.

இந்தக் கணக்கு யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்க்கலாம். கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். ரத்தத்தில் கிருமி கலந்து, ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் கொண்டுவரப்படும் நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. வந்த சிறிது நேரத்திலேயே ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும். எந்த மருந்து என்பதை அந்த நேரத்தில் மருத்துவர் ஊகித்துத்தான் முடிவு செய்கிறார். அந்த ஊகத்துக்குப் பிடிமானம் தருவது ஆன்டிபயோகிராம். கடந்த ஓராண்டில் அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை விழுக்காடு கட்டுப்பட்டது என்று காட்டும் அட்டவணை அது. அது இல்லாத ஊரில் மருத்துவர் இரண்டு பக்கமும் தவறக்கூடும். பலிக்காத மருந்தைக் கொடுத்து நோயாளியை இழக்கலாம். அல்லது எதற்கு வம்பு என்று கடைசி வரிசை மருந்தான மெரோபெனத்தை எடுத்த எடுப்பிலேயே எழுதி, அதற்கும் அடங்காத கிருமிகளுக்கு வழி திறந்துவிடலாம். 2021-இல் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமான மரணங்கள் உலகெங்கும் சுமார் 11.4 லட்சம் என்று 2024-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த மரணங்களுக்குப் பின்னால் புதிய மருந்து இல்லாத குறை மட்டும் இல்லை. இருக்கும் மருந்துகளில் சரியானதை நேரத்தில் தேர்ந்தெடுக்கத் தகவல் இல்லாத குறையும் இருக்கிறது.

அதற்குத்தான் அரசின் கண்காணிப்பு வலையமைப்புகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய வலையமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் தனியே ஒன்றை நடத்துகிறது. இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்பட்ட கிளெப்சியெல்லா நிமோனியே கிருமிகளின் பங்கு 2016-இல் 65 விழுக்காடாக இருந்து 2021-இல் 43 விழுக்காடாகச் சரிந்ததை நாம் அறிந்தது ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கையால்தான். ஆனால், அந்த வலையமைப்பின் முதுகெலும்பு பெருநகரங்களின் உயர்சிகிச்சை மருத்துவமனைகள். அங்கே வந்து சேரும் நோயாளிகளில் பலர் இரண்டு மூன்று மருத்துவமனைகளைப் பார்த்து, பல ஆன்டிபயாடிக்குகளை விழுங்கிய பிறகு வருபவர்கள். அவர்களிடம் எளிய மருந்துக்கு அடங்கும் கிருமிகள் அழிந்து, முரட்டுக் கிருமிகளே மிஞ்சியிருக்கும். அந்த எண்ணைப் படித்துவிட்டு, முதல்முறையாகச் சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்ணுக்கு ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவர் மருந்து எழுதினால், தேவையில்லாத வலுவான மருந்தையே எழுதுவார். பெருநகரத்தின் கணக்கு சிற்றூரில் எதிர்ப்பை வளர்க்கும் விபரீதம் இப்படித்தான் நேர்கிறது.

மாவட்டக் கணக்கு எங்கே கிடைக்கும்? அது ஏற்கெனவே எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முதுநிலை மருத்துவ மாணவர் தேர்வு எழுதத் தகுதி பெற ஒரு போஸ்டர், ஒரு மாநாட்டுக் கட்டுரை, இதழுக்கு அனுப்பிய ஓர் ஆய்வுக் கட்டுரை ஆகியவை வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள் விதித்தன. விதிகள் பின்னர் திருத்தப்பட்டாலும் பழக்கம் வேரூன்றிவிட்டது. நுண்ணுயிரியல் துறையில் மாணவருக்குக் கைக்கெட்டும் தலைப்பு, தன் ஆய்வகத்துக்கு வந்த கிருமிகளின் மருந்து எதிர்ப்புதான். தமிழ்நாட்டில் இன்று 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2022 ஜனவரியில் மட்டும் ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நீலகிரி உள்பட 11 கல்லூரிகள் தொடங்கப்பட்டன. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறையும் கல்ச்சர் ஆய்வகமும் இருந்தாக வேண்டும். ஆக, முன்பு எந்த வரைபடத்திலும் இல்லாத மாவட்டங்களில்கூட இன்று தட்டுகளில் கிருமிகள் வளர்க்கப்படுகின்றன, முடிவுகள் பதிவேட்டில் ஏறுகின்றன. அரசு புதிதாகக் கட்டிடமோ பணியிடமோ உருவாக்காமலேயே திரட்டக்கூடிய தரவு இது.

இந்த யோசனைக்குத் துறையினரிடமிருந்து வரக்கூடிய கடுமையான மறுப்பு தரத்தைப் பற்றியது. போஸ்டர் தரவு ஒழுங்கற்றது, அதைக் கூட்டிச் சேர்த்தால் குப்பைதான் சேரும் என்பார்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒரே நோயாளியின் மாதிரியைப் பலமுறை சோதித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணினால், நீண்டநாள் படுக்கையில் கிடக்கும் சிலரே மொத்தக் கணக்கையும் திரித்துவிடுவார்கள். அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ வரம்புகளின்படி ஓர் ஆய்வகமும், ஐரோப்பாவின் யூகாஸ்ட் வரம்புகளின்படி இன்னொன்றும் முடிவு சொன்னால், அந்த இரண்டு விழுக்காடுகளையும் அருகருகே வைக்க முடியாது. கொலிஸ்டினைக் காகித வில்லை முறையில் சோதித்துத் தரும் முடிவை நம்பவே கூடாது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அப்படிச் சோதிக்கும் வழக்கம் எளிதில் ஒழியவில்லை. ஆனால், இந்தக் குறைகளுக்கெல்லாம் எழுதிவைத்த தீர்வுகள் உண்டு. ஒரு நோயாளியிடமிருந்து ஒரு கிருமி வகையின் முதல் மாதிரியை மட்டும் எண்ண வேண்டும், 30 மாதிரிகளுக்குக் குறைவாக இருந்தால் விழுக்காடு சொல்லக் கூடாது என்று சிஎல்எஸ்ஐயின் ஆன்டிபயோகிராம் வழிகாட்டி வகுத்திருக்கிறது. ஒரு சிறிய கல்லூரியில் 30 தேறாதபோது அண்டை மாவட்டங்களைச் சேர்த்துக் கணக்கிடலாம்; அதற்கும் பொதுக் களஞ்சியம்தான் வேண்டும். இந்த விதிகளின்படி பதிவுசெய்யும் ஹூநெட் மென்பொருள் 1989 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இத்தனை இருந்தும் விதிகள் பின்பற்றப்படாததற்குக் காரணம், பின்பற்றாவிட்டால் எதுவும் ஆகாது என்பதே. ஏற்பதையும் நிராகரிப்பதையும் தன் கையில் வைத்திருக்கும் மாநாட்டுக் குழுதான் அந்த நிலையை மாற்ற முடியும். தரம் இல்லை என்பது தரவைக் கேட்காமல் இருப்பதற்கான நியாயம் ஆகாது. கேட்கத் தொடங்கினால்தான் தரம் வரும்.

இன்னொரு மறுப்பை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோர் மனத்திலும் இருப்பது அதுதான். எங்கள் மருத்துவமனையின் எண் மோசமாக இருந்தால் பெயர் கெட்டுவிடாதா? இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மெரோபெனம், இமிபெனம் போன்ற மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றிய ஆய்வு 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியானபோது, அந்த நொதியைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதில் இருந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். நொதியின் பெயரில் புது டெல்லி இருந்ததும், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றம் வரை குரல் எழுந்தது. பெயரைப் பற்றிய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், கோபத்தால் கிருமி கட்டுப்படவில்லை என்பதை மேலே சொன்ன கிளெப்சியெல்லா எண்களே காட்டுகின்றன. பக்கத்து மாநிலமான கேரளம் 2018-இல் மருந்து எதிர்ப்புக்கென மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் மாநில அளவிலான ஆன்டிபயோகிராமையும் வெளியிட்டது. அதனால் கேரள மருத்துவமனைகள் வெறிச்சோடிவிடவில்லை. அச்சம் அப்படியும் தீரவில்லை என்றால், தொடக்க ஆண்டுகளில் மருத்துவமனையின் பெயரை மறைத்து மாவட்ட வாரியாக மட்டும் வெளியிடலாம். மருத்துவருக்குத் தேவைப்படுவது வட்டாரத்தின் நிலவரம். எந்த வார்டில் எந்தக் கிருமி என்பதல்ல. நோயாளியின் பெயரோ முகவரியோ இதில் எங்குமே தேவையில்லை.

ஒரு மாநாட்டால் இவ்வளவு ஆகுமா என்ற ஐயத்துக்கும் பதில் சென்னையிலேயே இருக்கிறது. என்டிஎம்-1 சர்ச்சைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்ட் 24 அன்று, நாட்டின் மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் இங்கே கூடினார்கள். ‘சென்னைப் பிரகடனம்’ என்று அறியப்படும் ஆவணம் அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதை ஒரே நாளில் தடுக்க முடியாது, மருத்துவர் இல்லாத கிராமங்கள் பாதிக்கப்படும் என்பதை ஒப்புக்கொண்டு, உயர்வரிசை மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டுப்படுத்தலாம் என்றது அது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனம்கள் உள்ளிட்ட 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு கேட்கும் எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் பாதையும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. மருந்துக் கடைகளில் அட்டவணை எவ்வளவு கறாராகப் பின்பற்றப்படுகிறது என்பது வேறு விவாதம். துறையினர் கூடி, செய்யக்கூடிய ஒன்றைத் தெளிவாகக் கேட்டால் அதற்கு விளைவு உண்டு என்பதற்கு இது போதுமான சான்று.

இந்த விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கல்ச்சர் வசதியே இல்லாத தாலுகா மருத்துவமனைக்கு இது ஆய்வகம் கட்டித்தராது. தனியார் மருத்துவமனைகளின் கதவையும் தானாகத் திறக்காது. தரவை ஒப்படைத்தால் தன் கட்டுரையை வேறொருவர் முந்திக்கொள்வார் என்று மாணவர் அஞ்சுவதும் இயல்பே. ஓராண்டு வரை அந்தத் தரவைக் கட்டுரையாக்கும் உரிமை அவருக்கே என்று விதியிலேயே எழுதிவிடலாம். மருந்து எதிர்ப்புக்கான இரண்டாவது தேசியச் செயல்திட்டம் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டிருக்கிறது. முதல் திட்டத்தின் காலம் 2017 முதல் 2021 வரை. கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டும் என்று அப்போதே எழுதப்பட்டது. எழுதியதைச் செயலாக்க அடுத்த திட்டம் வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை. மாநாட்டுக் குழு தன் ஆய்வுச் சுருக்கப் படிவத்தில் ஒரு கட்டாயக் கட்டத்தைச் சேர்க்கட்டும். தரவைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பை மாநில மருத்துவப் பல்கலைக்கழகமோ ஆராய்ச்சிக் கழகமோ ஏற்கட்டும். அடுத்த ஆண்டு மாநாட்டின் தொடக்க நாளில், முந்தைய மாநாட்டின் போஸ்டர்களிலிருந்து தொகுத்த மாவட்ட ஆன்டிபயோகிராம் அச்சாகி ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாநாடு வெற்றியா இல்லையா என்பதை வந்தவர்களின் தலையை எண்ணாமல், அந்த அட்டவணை எத்தனை மாவட்டங்களுக்குப் போனது என்பதை வைத்து மதிப்பிடுவோம்.