கோழிக்குஞ்சுக்கு மரத்தூள்: ஓசியில் வரும் எமன்

சாமில் தூள் ஓசியில கிடைக்குதுன்னு மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்து, நேத்துப் பொரிச்ச குஞ்சுக்குக் கீழே கொட்டுற அண்ணாச்சிமார்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

நம்ம பாவூர்சத்திரத்துல சாமில்லுக்கா பஞ்சம்? தூள் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா அந்த மலை மேலே நனைஞ்சு உள்ளே புழுங்கும். கையை விட்டா கதகதன்னு இருக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அஸ்பெர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை, அதோட வித்து மூச்சுல போனா குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிச் செத்துப் போகும். நோய்க்குப் பேரே ‘புரூடர் நிமோனியா’. அதாவது குஞ்சு வளர்க்கிற கூண்டோட பேரையே வச்சிருக்காங்க!

நம்ம ஆளுக என்ன சொல்லுவாங்க? “வெள்ளைக்கழிச்சல் வந்துட்டு”ன்னு மருந்துக் கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் வாங்கி ஊத்துவாங்க. பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையை என்ன செய்யும்? நான் பொட்டி தட்டுறவன்தான், ஆனா தப்பு எங்கேன்னு பார்க்காம பேட்ச் போட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும் :-)

காஞ்ச தூளா இருந்தாலும் பொடி ஆகாது. முதல் நாள் குஞ்சுக்குத் தீவனம் எது, தூள் எதுன்னு தெரியாது. கண்டதைக் கொத்தி வயித்தை அடைச்சுக்கும். மரத்துக்கு மருந்து அடிச்சிருந்தா அது தனிக் கதை. கோழியிலும் முட்டையிலும் வந்த பூசண வாடைக்கு குளோரோஅனிசோல்தான் காரணம்னு 1966-லயே கண்டுபிடிச்சாங்க. மரத்துக்கு அடிச்ச குளோரோபீனால் மருந்தை, கூளத்துல வளர்ற பூஞ்சை அப்படி மாத்துதுன்னு பிறகு தெரிஞ்சது.

“எங்க தாத்தா என்னத்தை விரிச்சாரு?”ன்னு ஒரு கேள்வி வரும். தாத்தா அடைக்கோழி வச்சிருந்தாரு அண்ணாச்சி. பத்துக் குஞ்சு, தாய் சிறகுக்குள்ள சூடு, எதைக் கொத்தணும்னு சொல்லிக் கொடுக்கவும் தாய். நீங்க இன்குபேட்டர் குஞ்சு இருநூறை வாங்கி, தகரத் தட்டிக்குள்ள குண்டு பல்பு போட்டு வச்சிருக்கீங்க. அங்கே தாய் செஞ்ச பாதி வேலையை தரைதான் செய்யணும்.

சரி, வேற என்ன போடுறது? நெல்லு விளையுற ஊர்ல இதைக் கேட்கலாமா? உமி இருக்கே! ரெண்டு இஞ்ச் கனம் போதும். ஆனா ஹல்லர் மில் உமி வேண்டாம். தவிடும் குருணையும் கலந்து பொடியா இருக்கும், சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ரப்பர் ரோலர் மில்லுல முழுசா வர்ற உமியைக் கேட்டு வாங்குங்க. தச்சுப்பட்டறையில இழைச்ச சுருள் சீவலும் நல்லதுதான், மருந்தடிக்காத மரமா இருந்தா.

இன்னொரு கூட்டம் சிமெண்டுத் தரையில வெறும் பேப்பரை விரிச்சுட்டு சுத்தபத்தமா இருக்குன்னு பெருமைப்படும். வழுக்குற பேப்பர்ல நிக்க முடியாம ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு போன குஞ்சைப் பார்த்திருக்கீங்களா? அது தீவனத்துக்கிட்டேயே போக முடியாது. பேப்பர் வேணும்தான், உமிக்கு மேலே, மூணு நாலு நாளைக்கு மட்டும். குஞ்சு உமியைத் தின்னாம, தூவின தீவனத்தைக் கொத்திப் பழகுறதுக்கு. நெளிநெளியான அட்டைன்னா இன்னும் நல்லது, கால் பிடிக்கும்.

அதுக்கப்புறம் தினமும் கிளறி விடுங்க. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்க. கட்டியாவே நின்னா ஈரம், தண்ணித் தட்டைச் சுத்தி உள்ளதை அள்ளிப் போட்டுட்டு புதுசு கொட்டணும். சாரல் மாசத்துல குஞ்சு இறக்குறதா இருந்தா உமியை முன்னாடியே வெயில் கிடைச்ச அன்னிக்குக் காயவச்சு மூட்டை கட்டி வச்சுக்கோங்க. குஞ்சு வந்து இறங்கின அன்னிக்கு வெயிலைத் தேட முடியாது.