சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு

ரிசீவர் ஒன்றும், ஒலிபெருக்கிகள் ஐந்தும், சப்-ஊஃபர் ஒன்றும் வாங்கி இல்லத்தையே சிறு திரையரங்காக்கியுள்ள அன்பர்கள் சிலர், அவற்றை இணைக்கும் முறையை இப்பகுதியில் விளக்கி எழுதுமாறு கேட்டிருக்கின்றனர். கடையிலிருந்து வந்து பொருத்தித் தரும் இளைஞர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துச் சென்றுவிடுகிறார். இடி இடிக்கிறது, மோட்டார் வண்டிகள் பறக்கின்றன, சன்னற் கண்ணாடிகள் அதிர்கின்றன. ஆயினும் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயாரோ மாமனாரோ, "பேசுவது ஒன்றும் விளங்கவில்லையே" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விடுகின்றனர். தெருவிலும் கடையிலும் வேற்று மொழியே வழங்கும் ஊரில், வீட்டார் அனைவரும் அலுவலுக்கும் பள்ளிக்கும் சென்ற பின்னர், அம்முதியோர் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் அப்பெட்டியிலிருந்து வருவதே. ஆகவே, இடியோசை ஒருபுறம் இருக்கட்டும். பேச்சு தெளிவாகக் கேட்கும்படி இணைப்பது எவ்வாறு என்பதையே இத்திங்கள் எழுதப் புகுகின்றோம்.

திரைப்படத்திற்கெனச் சேர்க்கப்படும் ஐந்து தட ஒலியில், உரையாடலின் பெரும் பகுதி நடுத்தடத்திலேயே வைக்கப்படுகிறது. இசையும் ஆரவாரமும் இட வலங்களுக்கும் பின்புறத்திற்கும் பகிர்ந்தளிக்கப்படும். எனவே ஐந்தனுள் தலையாயது நடு ஒலிபெருக்கி. நம் இல்லங்கள் பலவற்றில் அதற்கே இடம் இல்லாமற் போகிறது! தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள மரத்தட்டின் உட்புறத்தில், பூச்சாடிக்கும் படங்களுக்கும் பின்னே அதனைத் தள்ளி வைத்துவிடுகிறோம். அங்ஙனம் வைத்தால் குரல் குடத்திற்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும். திரைக்குக் கீழோ மேலோ, தட்டின் முன் விளிம்போடு ஒட்ட வைத்து, அமர்ந்திருப்போர் காதை நோக்கிச் சற்றே சாய்த்துவிட வேண்டும். அடியில் ஒரு ரப்பர்த் துண்டு கொடுத்தாலே போதிய சாய்வு கிடைக்கும்.

இனி இணைப்பு. முதலில் ரிசீவரை அணைத்து, அதன் செருகியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பின்புறத்தில் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டிரண்டு முனைகள் இருக்கும். அவற்றின் மேல் ஃப்ரண்ட், சென்டர், சரவுண்ட் என்ற பெயர்களும், இடம் வலம் என்ற குறிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். இடம் வலம் என்பன திரையை நோக்கி அமர்ந்திருப்பவருடைய இடமும் வலமும் ஆகும். ரிசீவரின் பின்னே குனிந்து நிற்பவருக்கு இவை மாறித் தோன்றுவதால் இங்கே பிழை நேர்வதுண்டு.

சிவப்பு முனை நேர்முனை; கறுப்பு எதிர்முனை. ரிசீவரின் சிவப்பு ஒலிபெருக்கியின் சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். "எப்படிக் கொடுத்தாலும் சத்தம் வருகிறதே" என்பார் உண்டு. சத்தம் வரும் என்பது மெய்தான். ஒலிபெருக்கியினுள் இருக்கும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியை உண்டாக்குகிறது. முன்னிரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றின் கம்பிகள் மாறிவிட்டால், ஒரு கூம்பு தள்ளும் அதே கணத்தில் மற்றொன்று இழுக்கும். இருவர் கூடி ஊஞ்சலை ஆட்டும்போது ஒருவர் தள்ள மற்றவர் பிடித்து நிறுத்துவது போன்றதே இது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மத்தளம் தகரம் போல் ஒலிக்கும். இரண்டிலும் சமமாக வரும் குரல் திரையின் நடுவே நில்லாமல், எங்கிருந்து வருகிறதென்று சொல்ல இயலாதபடி அறை முழுதும் சிதறும். செவி தளர்ந்தோர்க்கு இச்சிதறலே பெரும் இடர்.

கம்பியின் இரண்டு இழைகளுள் ஒன்றின் மேல் சிவப்புக் கோடோ, விரலால் தடவினால் புலப்படும் வரம்போ இருக்கும். அதனையே எங்கும் நேர்முனைக்கு வைத்துக்கொள்வது நலம். கம்பி முன்னரே சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்து, எது எதுவென்று தெரியாவிடில், ஓர் எளிய சோதனை உண்டு. ரிசீவர் பக்கத்து முனைகளைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்திற்கு இடும் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். முன்துணியை நீக்கிவிட்டுப் பெரிய கூம்பை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூம்பு வெளியே துள்ளினால், மின்கலத்தின் நேர்முனையைத் தொட்ட கம்பியே சிவப்புக்கு உரியது. உள்ளே ஒடுங்கினால் மற்றது. கம்பி ரிசீவரோடு சேர்ந்திருக்கும்போது இச்சோதனையைச் செய்தல் ஆகாது.

கம்பியின் மேலுறையை ஒரு சென்டிமீட்டர் அளவிற்குச் சீவி, உள்ளிழைகளை இறுக முறுக்கி, முனையின் துளையில் செலுத்தித் திருக வேண்டும். தலைமயிர் போன்ற ஒற்றை இழை விலகி அடுத்த முனையைத் தொட்டாலும் குறுக்கு மின்னோட்டம் உண்டாகும். ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக அணைந்துவிடும். அணைந்ததை மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்க்காமல், முதலில் இந்த இழையைத் தேட வேண்டும்.

கம்பியை எங்கே வாங்குவது? தில்லியிலிருப்போர்க்கு லஜபத் ராய் சந்தையும், மும்பையினர்க்கு லேமிங்டன் சாலையும், கொல்கத்தாவில் சாந்தினி சௌக்கும் தெரிந்த இடங்களே. பொன் முலாம் பூசிய முனைகளும் பாம்பு போன்ற தடித்த உறையும் கண்டு மயங்க வேண்டியதில்லை. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 15 மீட்டர் தொலைவு வரை தாராளமாகப் போதும். தொகுதியோடு இலவசமாக வரும் நூல் போன்ற கம்பியோ, பெரும்பாலும் அரை சதுர மில்லிமீட்டரே. 10 மீட்டர் ஓடிப் போய்த் திரும்புவதற்குள் அது ஏறத்தாழ 0.7 ஓம் தடையைச் சேர்த்துவிடும். மற்றொரு வஞ்சகமும் உண்டு: அலுமினியத்தின் மேல் செம்பு பூசி, செம்பு என்றே விற்பது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும்.

ஓம் என்ற சொல் வந்துவிட்டமையால் அதனையும் கூறிவிடுவோம். ஒலிபெருக்கியின் பின்புறத்தில் 8, 6, 4 என ஓம் அளவு எழுதப்பட்டிருக்கும். எண் குறையக் குறைய அது ரிசீவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மிகும். ரிசீவரின் மீது குறித்துள்ள அளவிற்குக் கீழ்ப்பட்டதை இணைத்தால் அது வெந்து தவிக்கும். வீட்டில் பழைய ஒலிபெருக்கிகள் கிடக்கின்றனவே என்று, ஒரே முனையில் 8 ஓம் இரண்டைப் பக்கத்துணையாகச் சேர்ப்போர் உளர். அவை இரண்டும் கூடி 4 ஓம் ஆகிவிடுகின்றன. பழைய சிறு தொகுதிகளோடு வந்த ஒலிபெருக்கிகளில் 3 ஓம் உடையனவும் உண்டு; அவற்றைப் புதிய ரிசீவருக்கு மாற்றாதிருத்தலே நன்று.

முன்னிரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகியும், பின்னிரண்டும் 100 முதல் 120 பாகை வரை விலகியும் இருத்தல் வேண்டுமென்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில், சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் நாம் இதற்கு எங்கே போவது! பக்கச் சுவர்களில், காதுக்கு நேராக, தலைக்கு ஓரிரண்டு அடி மேலே வைத்தால் பெரிதும் ஒத்துவரும். வீட்டுக்காரர் சுவரில் துளையிட ஒப்பாவிடில், உயர்ந்த நிறுத்திகளின் மேல் வைக்கலாம். சப்-ஊஃபருக்கு இத்துணைத் தொல்லை இல்லை. பெரும்பாலானவை தமக்கென மின்பெருக்கி உடையன. ஒற்றைக் கம்பியால் ரிசீவரின் சப்-ஊஃபர் துளையோடு சேர்த்தால் வேலை முடிந்தது.

இத்தனையும் செவ்வனே செய்த பின்னும் நடு ஒலிபெருக்கி ஊமையாய் இருப்பதுண்டு. தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குக் கொணரும் எச்டிஎம்ஐ கம்பி, இரு கருவிகளிலும் ஏஆர்சி என்று குறித்த துளையில் செருகப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பு பிசிஎம் என்றிருந்தால் இரண்டு தடங்களே வருவது வழக்கம். பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால் ஐந்தும் வரும். தொடர்களும் செய்திகளும் இரு தட ஒலியாகவே வருமாயின், ரிசீவரை ஸ்டீரியோ நிலையில் விடாமல், டால்பி சரவுண்ட் என்ற நிலைக்கும், பழைய கருவியாயின் புரோ லாஜிக் என்ற நிலைக்கும் மாற்ற வேண்டும். அப்பொழுதுதான் குரல் பிரிந்து நடுவுக்கு வரும். முதியோர் காணும் நிகழ்ச்சிகளுக்கு இந்த ஒரு பொத்தானே பேருதவி.

ரிசீவரோடு சிறு ஒலிவாங்கி வந்திருந்தால், அதனை அமருமிடத்தில் காதின் உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தானியங்கு அளவீட்டை ஓடவிடலாம். கம்பிகள் மாறியிருந்தால் அதுவே எடுத்துக்காட்டும் கருவிகளும் உள்ளன. அது முடிந்த பின், நடு ஒலிபெருக்கியின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்திவிட்டு, அருகமர்ந்து, "இப்போது விளங்குகிறதா?" என்று பெரியவர்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்த ஒலியை உயர்த்துவதில் பயனில்லை. இடியும் உடன் உயரும், கீழ்வீட்டாரும் உடன் எழுவர். இரவு வேளைக்கென உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும் அமைப்பு ஒன்றும் பெரும்பாலான ரிசீவர்களில் உண்டு.

மாற்றல் உத்தரவு வந்து வீடு பெயரும் நாளில், கம்பிகளை உருவிச் சுருட்டுமுன் ஒவ்வொன்றின் இரு நுனிகளிலும் 'நடு', 'முன் இடம்', 'பின் வலம்' என்று தமிழிலேயே எழுதிச் சீட்டு ஒட்டி வைத்துக்கொள்க.